பெட்டியோடு போகிறவர்

கோடை விடுமுறைக்குக் கேரவன் என்ற வண்டிவீடுகள் வந்து நிற்கும் பென்ஆல்ட் வயலில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவரை யாரும் பார்ப்பதில்லை. அவரோடு யாரும் பேசுவதில்லை. அவரும் யாரையும் பார்ப்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. பெட்டி என்றால் அங்கே ஒரே ஒரு பெட்டிதான். கேரவனின் கழிப்பறைக்கு அடியிலிருந்து இழுத்தெடுக்கும், நிறைந்தால் ஒரு மூட்டை உருளைக்கிழங்கின் கனம் கனக்கும், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி. அதை வயலின் மேல்மூலையில், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலுள்ள தொட்டியில் கொட்டி, அலசி, நீலநிற மருந்தை ஊற்றி எடுத்துவர வேண்டும். போகவர ஆகும் பத்து நிமிடமும் அந்த மனிதர் உலகத்திலேயே இல்லை.

வாசற்பலகையில் வேறு விதிகள் உண்டு. நாயைக் கட்டி வையுங்கள், பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, ஆட்டுக்குத் தீனி போடாதீர்கள் என்று மேலே வெல்ஷ் மொழியில் பெரிதாகவும் கீழே ஆங்கிலத்தில் சிறிதாகவும் எழுதியிருக்கும். அந்த விதிகளை அவரவர் வசதிப்படி மீறினார்கள். எந்த மொழியிலும் எழுதப்படாத இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை.

அங்குள்ளவர்கள் எவ்வளவு பேசக்கூடியவர்கள் என்பதை அறிந்தால்தான் இதன் அருமை புரியும். தண்ணீர்க் குழாய் ஐம்பது அடி தூரத்தில் இருக்கிறது. ஒரு வாளி பிடித்துவர முக்கால் மணி நேரம் ஆகும். நீங்கள் யார் மகன், எந்தத் தேவாலயம், உங்கள் அம்மாவின் தங்கை வாழ்க்கைப்பட்டது மலைக்கு இந்தப் பக்கப் பண்ணையா அந்தப் பக்கப் பண்ணையா என்று விசாரித்து, எங்காவது ஓர் உறவுமுறையைத் தோண்டி எடுக்கும்வரை வாளியைத் தரையிலிருந்து எடுக்க விடமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களின் நடுவே, பெட்டியோடு போகிற ஒருவருக்கு மட்டும் கடல் விலகி வழிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் பர்மிங்ஹாமிலிருந்து வந்திருந்த ஒருவர், பெட்டியோடு போய்க்கொண்டிருந்த பஸ் கெத்தினுக்குச் சிரித்த முகத்தோடு காலை வணக்கம் சொல்லிவிட்டார். கெத்தின் கன்வீ பாதையில் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். எந்த வளைவிலும் நிலைகுலையாதவர். அன்றைக்குக் காலைச் சிற்றுண்டியைத் தொடவில்லை. பக்கத்துக் கேரவனிலிருந்து அதைக் கண்ட நெஸ்டா, "பாவம், அந்த மனுஷன் வளந்த விதம் அப்படி" என்று மட்டும் சொல்லித் திரைச்சீலையை இழுத்துவிட்டார். நெஸ்டா ஹார்லெக் பள்ளிக்கூடத்தில் தலைமைச் சமையற்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையை மீறிய தட்டில் ஒரு கரண்டி பட்டாணிகூட விழாது என்பது அவருடைய ஆட்சியின் புகழ். பர்மிங்ஹாம்காரர் இரண்டு நாள் முன்னதாகவே ஊர் திரும்பினார்.

அதே நெஸ்டாவிடமிருந்துதான் இத்வால் இந்த ஆகஸ்டில் ஒளிந்துகொண்டிருந்தார்.

இத்வால் பாலாவில் முப்பத்தெட்டு வருடம் தபால்காரர். ஓய்வு பெற்ற பின்னும் தபால் இத்வால்தான். அந்த ஊரில் தொழில் போனாலும் பெயரை விட்டுப் போவதில்லை. இருபத்திரண்டு கோடைகளாக அவருடைய கேரவனும் நெஸ்டாவின் கேரவனும் அடுத்தடுத்து நின்றன: மேலே அவருடையது, கீழே கடலைப் பார்த்தபடி நெஸ்டாவுடையது. முதலில் இரண்டு குடும்பங்களாக வந்தார்கள். பிறகு துணையை இழந்த இரண்டு பேராக. சாயங்காலம் நெஸ்டா இரண்டு கோப்பைத் தேநீரோடு வருவார். இத்வால் மடக்கு நாற்காலியை விரிப்பார். மீன்பிடிப் படகுகள் திரும்புவதைப் பார்த்தபடி, அந்தப் படகுக்காரர்களுக்குப் போதிய திறமை இல்லை என்று இருவரும் ஒத்த கருத்துக்கு வருவார்கள்.

சென்ற வருடம் விடுமுறையின் கடைசி நாளன்று, இத்வால் தம் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கடிதம் எழுதி முடித்தார். பிறருடைய கடிதங்களை லட்சக்கணக்கில் சுமந்தவருக்குத் தமக்கென்று ஒன்று எழுத நான்கு நாள் பிடித்தது. 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா என்று தெரியாமல், இரண்டுமே வராதபடி வாக்கியங்களை வளைத்து எழுதினார். கல்யாணம் என்ற சொல் மூன்றாம் பக்கத்தின் அடியில், மழையைப் பற்றிய ஒரு பத்திக்கும் கையெழுத்துக்கும் நடுவில் ஒடுங்கி நின்றது. அதை நெஸ்டாவின் கேரவன் கதவிடுக்கில் சொருகிவிட்டு, தொழில் பழக்கத்தால் இரண்டு முறை தட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு பாலாவுக்கே ஓடிவிட்டார்.

பத்து நாளில் ஒரு அஞ்சலட்டை வந்தது. "பதிலை ஆகஸ்டில் நேரில் சொல்கிறேன். லீக் இந்த வருடம் நன்றாக வந்திருக்கிறது. – நெஸ்டா."

பதினொரு மாதம் இத்வால் அந்த இரண்டு வாக்கியங்களையே படித்தார். சம்மதம் என்றால் எழுதியிருக்கலாமே. எழுதத் தடையில்லாதவர் ஏன் நேரில் என்கிறார்? அவருக்குத் தெரிந்த தபால் சாஸ்திரம் இதுதான்: நல்ல சேதி உறையில் வரும், பரீட்சைத் தேர்ச்சி, பேரன் பிறந்தது, லாட்டரி, எல்லாம் அவர் கையாலேயே கொடுத்தவை. துக்கச் சேதிக்குத்தான் யாராவது தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். அதோடு, சம்மதம் சொல்ல நினைக்கும் பெண் அடுத்த வாக்கியத்திலேயே லீக்கைப் பற்றி, வெங்காயத்தாள் போன்ற ஒரு காய்கறியைப் பற்றி, எழுதுவாரா? லீக், ஆறுதலுக்காகச் சேர்த்தது. இந்த முடிவில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

வராமல் இருந்துவிடலாம். ஆனால் வராவிட்டால் தேநீர் இல்லை, படகு இல்லை, நெஸ்டா இல்லை. வந்து பதிலைக் கேட்டுவிட்டாலும் அதே கதிதான். வரவும் வேண்டும், கேட்கவும் கூடாது. ஒரு வாரத்தை ஓட்டிவிட்டால் சனிக்கிழமை நெஸ்டா கிளம்பிவிடுவார். இன்னும் ஒரு வருடத்துக்கு நம்பிக்கை மிச்சம்.

வந்து சேர்ந்த சனிக்கிழமை மாலை நெஸ்டா இரண்டு கோப்பைகளோடு படியிறங்கினார். புது மேலங்கி, தலைமுடி சலூனில் வைத்துச் சீர்செய்யப்பட்டிருந்தது. துக்கச் சேதிக்கான மரியாதை எல்லாம் முறையாக இருப்பதை இத்வால் கண்டார். ஓட இடமில்லை. கை தானாகக் கேரவனின் பக்கக் கதவைத் திறந்து பெட்டியை உருவியது.

நெஸ்டா அப்படியே நின்றார். வாய் பாதி திறந்திருந்தது. பிறகு கடலின் பக்கம் முகத்தைத் திருப்பி, மிகுந்த கவனத்தோடு ஒரு படகைப் பார்க்கத் தொடங்கினார். இத்வால் அவரைக் கடந்து, மூன்றடி தூரத்தில், காற்றைப் போலப் போனார்.

கொட்டகைக்குப் பின்னால் போய் நின்ற பிறகுதான் தாம் கண்டுபிடித்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கு உறைத்தது. பெட்டியில் அன்றைக்குத்தான் ஊற்றிய நீல மருந்தைத் தவிர ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு அவர் அதைக் கீழே வைக்கவில்லை என்றே சொல்லலாம். நெஸ்டாவின் கதவு கிறீச்சிட்டால் பெட்டி கைக்கு வந்துவிடும். காலையில் மூன்று நடை, பகலில் இரண்டு, மாலையில் நிலைமைக்கேற்ப. காலிப் பெட்டியைக் கனத்த பெட்டியாகக் காட்ட வலத்தோளைத் தாழ்த்தி, இடக்கையை வீசி, இடையிடையே நின்று மூச்சு வாங்கினார். இரண்டாம் நாளிலேயே அந்த நடையில் ஒரு தேர்ச்சி வந்துவிட்டது.

யாரும் பார்க்காத வயலில் எல்லோரும் அந்த நடைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

திங்கள் காலை கெத்தின் அவரைக் குழாயடியில் பிடித்தார். கையில் வாளி மட்டும் இருந்ததால் இத்வால் பார்வைக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தார்.

"எப்படிப்பா இருக்க?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"இல்ல, பொதுவாக் கேக்கறேன்." கெத்தின் மலையைப் பார்த்தார். "காலநிலை எப்படி? கொஞ்சம் ஈரமா?"

"நேத்து தூறல். இன்னைக்குப் பரவாயில்லயே."

"தூறல்னா பரவால்ல. சில பேருக்கு ஒரே கொட்டாக் கொட்டுது. நிக்கவே மாட்டேங்குது. நான் வானத்தைச் சொல்றேன்."

"வானம் தெளிவாத்தானடா இருக்கு?"

"வீராப்பு பேசாதடா இத்வால். எங்க அண்ணன் இப்படித்தான், தெளிவா இருக்கு தெளிவா இருக்குன்னே சொல்லிட்டிருந்தான். கடைசில பாங்கர் ஆஸ்பத்திரிலதான் நின்னுச்சு."

"எது நின்னுச்சு?"

"மழை" என்றார் கெத்தின், மனம் நொந்து. வாளி வழிந்துகொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை இத்வாலின் படியில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அதன் மேல் பெயரில்லை. மதியம் ஒரு பொட்டலம் வறுத்த ரொட்டி. மாலையில் எனாமல் தட்டில் ரைஸ் புட்டிங், இரண்டு இடங்களிலிருந்து. வயலில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் உருவாகியிருந்தன. பெரும்பான்மையினர், இது கட்டுப்படுத்த வேண்டிய வயிற்று நோய் என்றார்கள். கெத்தினின் மனைவி தலைமையிலான சிறு அணியோ, இத்தனை நடையும் வீண்முயற்சிகளே என்று வாதிட்டு, குடலை இளக்கும் உலர்ந்த பிளம்ஸை ஒரு புட்டி அனுப்பியது. இத்வால் இவற்றையெல்லாம் அன்பின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு, தனித்தனியே அடுக்கி, எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதன் பலனாகப் புதன்கிழமை காலை இரண்டு நடைகள் உண்மையானவையாகவே அமைந்தன.

வயலுக்குச் சொந்தக்காரர் கெய்ன்வென் அன்று பகலில் டிராக்டரை அவர் வாசலில் நிறுத்தினார். எல்லோரையும் கண்ணு என்பார். அறுபத்தாறு வயது இத்வாலையும்.

"கண்ணு, உன் கேரவனை மேல கொட்டகைப் பக்கமா மாத்திக் குடுக்கட்டுமா? நடை கம்மி."

"எனக்கு இந்த இடம்தாங்க பிடிக்கும். கடல் தெரியுது."

"கடலைப் பாக்க உனக்கு எங்க கண்ணு நேரம்?" என்று பெருமூச்சு விட்டு, டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

புதன் மாலை கொட்டகையில் கூட்டுப்பாட்டு. வைக்கோல் கட்டுகளை வரிசையாகப் போட்டு, நான்கு குரலுக்கும் நான்கு பக்கம் பிரித்து, போதகர் தெக்வின் ஒரு பால் பீப்பாயின் மேல் ஏறி நின்று நடத்துவது வழக்கம். இத்வால் கீழ்க்குரல். அவர் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் கெத்தினும் ஒரு வைக்கோல் கட்டும்தான். ஆகவே வந்தார், ஆனால் கதவோரம் உட்கார்ந்தார். பெட்டியைக் கதவுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில் வைத்திருந்தார். எதிர்ப்புறம் நெஸ்டா பாட்டுப் புத்தகத்தின் மேல் விளிம்பு வழியாக அவரையே பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கவலை. அதை இத்வால் இரக்கம் என்று மொழிபெயர்த்துக்கொண்டார். மறுக்கப் போகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

பாட்டுக்கு முன் தெக்வின் கண்களை மூடினார். "ஆண்டவரே, வெளியில சொல்ல முடியாம, உள்ளுக்குள்ளயே பெரிய அவஸ்தைப்படற ஒரு சகோதரர் எங்க நடுவுல இருக்கார். பேர் சொல்லல. அவருக்குச் சீக்கிரமா ஒரு நிம்மதியத் தாரும்."

இத்வாலின் கண்கள் நிறைந்தன. தம் காதல் போதகருக்கு எப்படித் தெரிந்தது என்று அவர் யோசிக்கவில்லை. தகரக் கூரை அதிரும்படி ஆமென் சொன்னார். இவ்வளவு வேதனையிலும் இப்படி ஒரு குரலா என்று கூட்டம் உருகிப்போயிற்று.

கடைசிப் பாட்டின் கடைசி அடியில் நழுவுவது அவர் திட்டம். ஆனால் கடைசிச் சரணம் நன்றாக வந்துவிட்டால் அதைத் திரும்பப் பாடாமல் அந்த ஊரில் யாரும் வீட்டுக்குப் போனதில்லை. இத்வால் எழுந்து பெட்டியின் கைப்பிடியைத் தொட்டார்; தெக்வின் கையை உயர்த்தினார்; திரும்பப் பாடினார்கள். மறுபடி தொட்டார், மறுபடி உயர்த்தினார். மூன்றாம் முறை முடிவதற்குள், ஒரு காலைக் கொட்டகைக்குள்ளும் ஒரு காலை வெளியிலும் வைத்து, குனிந்த நிலையிலேயே கீழ்க்குரலை அவர் தாங்கிப் பிடித்ததைப் பலர் கண்டார்கள். பெட்டியில் கை இருந்ததால் யாரும் காணவில்லை.

வியாழன் மதியம் படியில் ஒரு நீலப் பாத்திரத்தில் வாற்கோதுமைக் கஞ்சி இருந்தது. அந்தப் பாத்திரத்தை அவருக்குத் தெரியும். விளிம்பில் ஒரு சின்ன உடைவு, அவர் கைதவறிப் போட்டு ஏற்பட்டது. கஞ்சியில் மிளகும், பொடியாக நறுக்கிய லீக்கும் இருந்தன. அந்த வருடம் நன்றாக வந்திருந்த லீக். முழுவதையும் குடித்துவிட்டு, வெகுநேரம் பாத்திரத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். தாம் ஒரு அயோக்கியன் என்று தோன்றியது. ஆனாலும் மறுநாள் ஒரு நாள்தான் பாக்கி. பாத்திரத்தைக் கழுவி, நெஸ்டா குழாயடிக்குப் போன நேரம் பார்த்து, அவருடைய படியில் வைத்துவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மலையிலிருந்து காற்று இறங்கியது. கடற்காற்று அந்த வயலுக்குப் பழக்கம். அதைத் தாங்கும்படிதான் எல்லாக் கேரவன்களும் நின்றன. ஐவில் மலையின் இடுக்கு வழியாகப் பின்னாலிருந்து வருவதுதான் சங்கடம். கெய்ன்வென் டிராக்டரில் வந்து, முளைகளை இறுக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் சுத்தியலோடும், பெண்கள் பறக்கும் துணிகளோடும், வயல் முழுவதும் வெளியில்தான் நின்றது.

பத்து மணிக்கு நெஸ்டாவின் கதவு கிறீச்சிட்டது. அதற்குள் இத்வால் பெட்டியோடு மேல்மூலையை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தார். வலத்தோளைத் தாழ்த்தி, இடக்கையை வீசி, வயலின் நடுவே மூச்சு வாங்க நின்றார். அந்தக் கணத்தில் காற்று பெட்டியைப் பிடுங்கியது.

உருளைக்கிழங்கு மூட்டையின் கனம் கனக்கவேண்டிய பெட்டி காகிதம்போல எழும்பியது. கெத்தினின் தலைக்கு மேல் பறந்தது. புல்லில் விழுந்து, எழுந்து, இரண்டு முறை குட்டிக்கரணம் அடித்தது. ஒவ்வொரு குதிப்புக்கும் காலித் தகரடப்பாவைப் போல ஒலித்தது. வயலில் இருபது குடும்பம் இருந்தது. இருபது குடும்பமும் ஒரே நொடியில் வேறு திசைக்குத் திரும்பியது. கெத்தின் செய்தித்தாளை முகத்துக்கு உயர்த்தினார். அது காற்றில் தலைகீழாகப் படபடத்தது. போதகர் தெக்வின் ஏற்கெனவே அடித்து முடித்த ஒரு முளையை மறுபடி அடித்தார். பெட்டி சரிவில் உருண்டு, நெஸ்டாவின் படிக்கட்டில் முட்டி, மல்லாந்து நின்றது.

நெஸ்டா அதைப் பார்த்தார். ஒரு வாரத்துச் சமையல் அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும்: வாழைப்பழம், ரைஸ் புட்டிங், மிளகு போட்ட கஞ்சி. குனிந்து பெட்டியின் கைப்பிடியில் சுண்டுவிரலை நுழைத்தார். ஒரே விரலால் தூக்கினார். தூக்கிக்கொண்டு சரிவில் ஏறத் தொடங்கினார்.

இத்வாலின் கைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. மறைந்துகொள்ள ஒன்றுமில்லாமல் அவர் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தார். ஓடலாம் என்று நினைத்தபோது, மூழ்குகிறவன் கையில் கட்டை தட்டுப்பட்டதுபோல ஒன்று புலப்பட்டது: பெட்டி இப்போது நெஸ்டாவின் கையில். அப்படியானால் நெஸ்டா அங்கே இல்லை. அவரைப் பார்க்கக் கூடாது. அவரும் பேசக் கூடாது. பென்ஆல்ட் வயலில் நெஸ்டாவைவிட இதை நன்றாக அறிந்தவர் யாருமில்லை. இத்வால் நெஞ்சை நிமிர்த்தி, கைகளைப் பின்னால் கட்டி, மிகுந்த மரியாதையோடு மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

காலடிச் சத்தம் நெருங்கியது. அவரைக் கடந்து போகவில்லை. நின்றது.

"காலை வணக்கம், இத்வால்."

பாத்திரங்களின் சத்தத்துக்கு மேலே முந்நூறு குழந்தைகளுக்குக் கேட்கப் பழகிய குரல். சுத்தியல்கள் நின்றன. காற்றுகூட ஒரு நொடி தயங்கியதாகப் பின்னாளில் கெத்தின் சொன்னார்.

இத்வால் மலையிடமிருந்து கண்ணை எடுக்காமல், உதட்டை அசைக்காமல் முணுமுணுத்தார். "கையில பெட்டி இருக்கு, நெஸ்டா."

"தெரியும். காலிப் பெட்டி. மலைய அப்புறம் பாக்கலாம், இங்க திரும்பு."

"எல்லாரும் இருக்காங்க..."

"இருக்கட்டும். தனியா சொல்லத்தான் ஆறு நாளா ரெண்டு கோப்பையத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். நீதான் குடிக்க வரல."

இத்வால் திரும்பினார். நெஸ்டாவின் சீர்செய்த முடி காற்றில் ஒரு பக்கமாக எழுந்து நின்றது. முகம் சிவந்திருந்தது.

"தபால்லயே எழுதியிருக்கலாமே" என்றார் இத்வால், மெல்ல. "இத்தனை மாசம்..."

"எதுல எழுதறது? உன் வேலைக்கு வந்த தபால்காரன், என் அட்டையப் படிச்சிட்டு, ஆகஸ்டு வரைக்கும் பொறுக்கணுமாமேன்னு வாசல்லயே உங்கிட்ட கேட்டானா இல்லயா?"

"கேட்டான்."

"நீ முப்பத்தெட்டு வருஷம் அதத்தான செஞ்ச? என் பதிலப் பாலாவுல எல்லாரும் படிச்சிட்டு, கடைசியா உனக்கு வந்து சேரணுமா?"

"உறையில போட்டிருக்கலாம்."

"ஹார்லெக்ல இருந்து உனக்கு ஒரு உறை போனா, அதத் திறக்கவே வேண்டாம். உள்ள என்ன இருக்குன்னு அங்க யாருக்கும் புரியாதா என்ன?"

தொழில்முறையில் பார்த்தால் அது சரிதான். மலை, கடல், கெத்தினின் தலைகீழ்ச் செய்தித்தாள் என்று இத்வால் பார்வையை ஓட்டிவிட்டு, கடைசியில் நெஸ்டாவைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டிருக்கும் ஒருவரை இருபத்திரண்டு வருடத்தில் அவர் நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல்முறை.

"அப்போ லீக்?" என்று கேட்டார்.

"லீக் நல்லா வந்துச்சு, அதனால எழுதினேன். வேற என்ன?"

செய்தித்தாள் ஓர் அங்குலம் தாழ்ந்தது. நெஸ்டா அதைப் பார்த்தார், போதகரைப் பார்த்தார், தத்தம் கேரவன்களின் நிழலில் இல்லாததுபோல நின்றிருந்த இருபது குடும்பத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் உயர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டு, கொட்டகை வரைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சரின்னு சொல்லத்தான் வந்தேன், இத்வால். உனக்கு இன்னும் சம்மதம்னா இப்பவே சொல்லு, கை வலிக்குது."